பெரிய செங்களவாவை வறுக்கச் சொன்னவன்

மீன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன் அடுப்புச் சூட்டைத் தாங்கிவிடலாம், சாப்பிடுகிறவர்களின் நாக்கைத் தாங்க முடியாது. இதே தொழிலில் அவதிப்படும் உங்களுக்குத் தெரியாததா? மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களுக்காக முப்பது வருஷம் நோட்டீஸ் எழுதி, கூட்டம் போட்டு, ஜெயிலுக்கும் போய் வந்தவன் நான். முட்டி தேய்ந்த பிறகு ரோட்டோரம் கடை போட்டேன். களவா மீன்தான் எங்கள் கடையில் விசேஷம்; தோல் சிவப்பென்றால் செங்களவா, கருப்பென்றால் கருங்களவா. அது தொடர்பாக நடந்த அநீதிகளை வரிசைப்படியே சொல்கிறேன். முதலாவது, எல்லாக் களவாவும் ஒன்றே என்று நினைப்பது. இரண்டாவது, ருசியுள்ள தோலை உரித்துப் போடச் சொல்வது. மூன்றாவது, வஞ்சிரம் தீர்ந்துபோனால் மட்டும் இதைக் கேட்பது. நான்காவதை நானே செய்தேன். அது மீனுக்குச் செய்ததல்ல.

சின்னச் செங்களவா

ஆரோவில் பார்க்கப் போகிற வழியில் ஒருவர் காரை நிறுத்திச் சாப்பிட வந்தார். முழுச் செங்களவாவை மிளகாய்த்தூளில் புரட்டி, கருக வறுக்கச் சொன்னார். நான் விடவில்லை. சின்னச் செங்களவாவின் சதை இளசு, லேசாக இனிக்கும், உப்பும் மஞ்சளும் மிளகும் போதும், அதற்கு மேல் போட்டால் மசாலாவைத்தான் தின்பீர்கள் என்று நின்றபடியே விளக்கினேன். விளக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. அவர் எழுந்துகொண்டார்.

“பெரியவரே, பசிக்குதுன்னு வந்தேன், மீட்டிங்குக்கு வரல.”

கருங்களவா

பெரிய கருங்களவாவின் சதை முரடு. ஆனால் புளிக்குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் உடையாது. தலையிலிருக்கும் பசை இறங்கிக் குழம்பு கெட்டிப்படும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். உப்பளத்து ஆட்கள் மதியம் அதைத்தான் கேட்பார்கள். என்னோடு ஜெயிலில் இருந்த ஏழுமலையும் தினம் வருவான். ஒருநாள் கார்க்காரர்களின் தட்டையும் தன் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஏம்பா தோழரே, வறுவல் அவங்களுக்கு, குழம்பு நமக்கு. இதுக்கு எப்ப நோட்டீஸ் அடிக்கப் போற?”

பெரிய செங்களவா

கடையில் சமையல் செல்வி. ஒருநாள் காலையில் பிரமாண்டமான செங்களவா ஒன்று வந்தது. “இதைக் குழம்புக்கு வெச்சிடலாம்ணா” என்றாள். செங்களவா என்றால் வறுவல்தான் என்று உத்தரவு போட்டுவிட்டு வெளியே போனேன். மதியம் வந்து ஒரு துண்டு தின்று பார்த்தால் ரப்பர். இது செங்களவாவே இல்லை, கருங்களவாவை வறுத்துவிட்டு நல்ல மீனை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

விசாரிக்காமல் தண்டிக்கும் முதலாளிகளை எதிர்த்து எத்தனை நோட்டீஸ் எழுதியிருப்பேன்! அன்று மீன் விலை எழுதும் கடைப் பலகையை அழித்து, ‘மீனை மாற்றித் திருடியவர்: செல்வி’ என்று எழுதினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த உப்பளத்து ஆட்களுக்கு முன்னால் உரக்கப் படித்தேன். அவள் அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

“மசாலாவச் சுரண்டித் தோலப் பாருங்கணா, செவப்பா கருப்பான்னு. பார்த்துட்டு அப்புறம் படிங்க.”

மீன்காரி சொன்னது

நான் பார்க்கவில்லை. அவள் போய்விட்டாள். மறுநாள், மீன் கொண்டுவரும் அஞ்சலையிடம் நடந்ததைச் சொன்னேன், பெருமையாகவே. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

“பெருசா வளர்ந்துட்டா எந்தக் கலரா இருந்தா என்னா, வறுத்தா கட்டையாத்தான் இருக்கும். இது தெரியாமயா அந்தப் பொண்ணத் திருடின்னு சொன்னே?”

செல்வி வீட்டு வாசல்

தெரிந்த பிறகும் ஒரு வாரம் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. முதலாளிகளை மன்னிப்புக் கேட்க வைத்துத்தான் எனக்குப் பழக்கம். அதற்குள் ஆரோவில் பக்கம் இடையஞ்சாவடியில் ஒரு விடுதியில் சமையல் வேலை கேட்டு அவள் போயிருக்கிறாள். திருடி என்ற பேச்சு அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, வேண்டாம் என்றுவிட்டார்கள். கடைசியில் நான் போனபோது கதவைப் பாதிதான் திறந்தாள். தப்பு என்னுடையது என்றேன்.

“இங்க வந்து மெதுவா சொன்னா யாருக்குக் கேக்கும்? எங்க படிச்சீங்களோ அங்க படிங்க.”

பலகை

மறுநாள் மதியம் அதே ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். செல்வி உள்ளே வராமல் வாசலில் நின்றாள். பலகையில் எழுதியதைப் படித்தேன்: “செல்வி திருடவில்லை. மீனும் தெரியாமல், விசாரிக்கவும் செய்யாமல் பழி போட்டவர்…” பெயர் வந்த இடத்தில் குரல் இறங்கிவிட்டது. ஏழுமலை குழம்புக் கையோடு நிமிர்ந்தான்.

“சத்தமா, தோழரே. கடைசி வரிசைக்குக் கேக்கல.”

முப்பது வருஷம் மைக் இல்லாமல் ஊரைக் கூட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டு, கடை முதலாளியின் பெயரை இன்னொரு தடவை படித்தேன்: “மா. தனகோடி.”