எங்கள் வீட்டில் அடைத்த தோட்டா

வெடிமருந்து தன் பங்களா வாசலைத் தாண்டக் கூடாது என்று என் மேனேஜரின் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அதனால் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. என் மனைவியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் உண்டு.

எழுபதுகளின் நடுவில் பஹ்ரைனில் ஒரு கம்பெனி லேபில் கெமிஸ்டாக இருந்தேன். ஈசா டவுனில் வீடு. மேனேஜர் வெள்ளைக்காரர். வெள்ளிக்கிழமையானால் ஊருக்கு வெளியே, போலீஸ் அனுமதியோடு நடந்த ஒரு கிளப்பில் ரிவால்வர் சுடப் போவார். கடைத் தோட்டா அவருக்கு ஆகாது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, அடியில் தட்டினால் பொறி விடும் புதுக் கேப் பொருத்தி, மருந்தை எடைபோட்டு நிரப்பி, மேலே ஈயக் குண்டை அழுத்தி, தோட்டாவைத் தானே செய்துகொள்வார். எடைபோடும்போது எனக்குக் கை நடுங்காது என்று லேபில் ஒரு பெயர்; அதை நம்பி அடைக்கும் வேலையை என்னிடம் தந்தார். அந்தப் பெயர் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள்.

"இது என்ன தீபாவளி மத்தாப்பாங்க? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த ஊர்ல பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் யாருகிட்டப் போய் நிக்கிறது?" என்றாள் என் மனைவி.

"அடைக்கிறது மட்டும்தான் நம்ம வேலை. சுடறது அவரு" என்று வாயை அடைத்தேன். அது புதன்கிழமை காலை வரைதான் உண்மை. அன்று மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, புதிதாக அடைத்த தோட்டாவை அடைத்தவனே முதலில் சுட்டுப் பார்ப்பதுதான் தன் பழக்கம், வெள்ளிக்கிழமை நீயும் வா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஆள் நான். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்று இரவே மருந்தை நிரப்பி, குழி போட்ட ஒரு மரக்கட்டையில் கூடுகளை வரிசையாக நிறுத்தினேன். குண்டை அழுத்தும் கருவி வியாழன் மாலைதான் கைக்கு வரும் என்பதால் வாய் திறந்தபடியே மேஜைமேல் விட்டுவைத்தேன். மறுநாள் ஆயுத பூஜை. அந்த ஊரில் அதற்கு லீவா தருவார்கள்? டியூட்டிக்குப் போய்விட்டு வந்து பொரிகடலை தின்றேன். கூடுகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மருந்து எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் இருந்தது. குண்டுகளை அழுத்தி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டோம். ரிவால்வரில் ஆறு தோட்டாக்களைப் போட்டு, என் இரண்டு கையையும் சரியாக வைத்துப் பிடிக்கச் சொல்லி, மேனேஜர் பக்கத்தில் நின்றார். முதல் தோட்டா வெடித்தது. கையை மேலே தூக்கிப் போட்டது, காது அடைத்துக்கொண்டது, ஆனால் அட்டையில் ஓரமாக ஓர் ஓட்டை விழுந்தது. இரண்டாவதும் வெடித்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

மூன்றாவது வெடிக்கவில்லை. 'புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கையைத் தூக்கிப் போடவில்லை. ஏதோ சரியில்லை என்று மூளைக்கு எட்டுவதற்குள் என் விரல் நான்காவதற்காக அழுத்த ஆரம்பித்திருந்தது. தோட்டாவின் கேப்பைத் தட்டும் சுத்தியல் பின்னால் எழும்பி இறங்குவதற்குள் மேனேஜர் தன் கையைக் குறுக்கே திணித்தார். சுத்தியலின் கூர்முனை அவருடைய கட்டைவிரல் சதையில் பாய்ந்தது. அவர் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். "ஐயோ!" என்று சுத்தத் தமிழில்.

ரத்தம் சொட்டச் சொட்ட ரிவால்வரை வாங்கித் திறந்து, தோட்டாக்களைக் கொட்டிவிட்டு, குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டார். குச்சி பாதியில் நின்றது. மருந்து பற்றாமல் கேப்பின் வேகத்தில் மட்டும் நகர்ந்த மூன்றாவது குண்டு உள்ளேயே சிக்கியிருந்தது. அதன் முதுகில் நான்காவது போய் மோதியிருந்தால் இரும்பே பிளந்திருக்கும் என்றார். எது எங்கே பறந்திருக்கும் என்று என் விரல்களையும் என் கண்ணையும் தொட்டுக் காட்டினார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

மிச்சத் தோட்டாக்களைக் குறடால் பிரித்துப் பார்த்தோம். இரண்டில் மருந்து கட்டி தட்டிக் கிடந்தது. தண்ணீர் பட்டதா என்று கேட்டார். சத்தியமாக இல்லை என்றேன். "கலாஸ்" என்று, இனி போதும் என்பதை அந்த ஊர் அரபியில் சொல்லிவிட்டு, கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாமி அலமாரியில் காசிச் செம்பு திறந்திருப்பதைக் கண்டேன். எங்கள் வீட்டில் ஈயம் வைத்து மூடிய அந்தக் கங்கைத் தண்ணீர், சாகப்போகிறவர் வாயில் விடுவதற்கு மட்டுமே உடைபடும். ஊரிலிருந்து தந்தி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. நான்தான் நேத்துப் பூஜையில உடைச்சேன்" என்று சிரித்த முகமாகச் சொன்னாள். "தையல் மெஷின், கார் சாவி எல்லாத்தோடவும் உங்க தோட்டாக் கட்டையையும் வெச்சு, மேல நாலு சொட்டுத் தெளிச்சேன். நீங்க சுடப் போறீங்கன்னதும் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அந்தத் தண்ணிதான்டி இன்னிக்கு என் கையைக் கொண்டுபோகப் பார்த்துச்சு! மனுஷன் கையைக் குறுக்கே விடலேன்னா நீ தெளிச்ச தண்ணிக்கு நான் போய்ச் சேர்ந்திருப்பேன்!" என்று நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மேனேஜரிடம் மறுநாள் உண்மையைச் சொன்னேன். அவர் கட்டுப்போட்ட கையோடு விழுந்து விழுந்து சிரித்தார். அதை வந்து சொன்னபோதும் அவள் சிரிக்கவில்லை. தோட்டா வேலையை அன்றோடு விட்டேன்.

அடுத்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பிள்ளையின் புத்தகம், தையல் மெஷின், கார் சாவி எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம் குழைத்து வைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

"தெளிம்மா" என்றேன்.

"நீங்களே தெளிங்க. என் கை வேண்டாம்" என்றாள்.