ஜாடியில் இறங்கிய ரோஸ் நிறம்

1998 மார்ச் 9, திங்கட்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு ரோஸக்காவை முதன்முதலில் பார்த்தேன். நோய் ஆய்வகம் ஒன்றில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் வேலைக்கு அன்றுதான் சேர்ந்திருந்தேன். கதவைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி மூக்கைப் பொசுக்கியது. மேசைமீது வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டு, வெந்த கறியின் சாம்பல் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவே நின்ற பெண் எனக்குத் தேநீர் நீட்டினார். குவளையைப் பற்றிய விரல்கள் நகக்கண் வரை ரோஸ் நிறமாக இருந்தன. நான் கையைப் பின்னுக்கு இழுத்தேன்.

"பயப்படாதீங்க தம்பி, ரத்தம் இல்ல, சாயம். தோலே உரிஞ்சாலும் இது போகாது," என்றார்.

வாங்கிக்கொண்டேன், குடிக்க முடியவில்லை.

அந்தச் சாயத்தின் பெயர் இயோசின். ஆலையில் செய்யப்படும் செயற்கைச் சாயம். மெழுகில் புதைத்து, மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவிய சதையைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டினால், நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுமே புலப்படாது. முதலில் ஒரு நீலச் சாயம் உயிரணுக்களின் உட்கருவைப் பற்றும். மற்ற பாகங்களை இயோசின் ரோஸ் நிறமாக்கும். அதன்பின் சில்லை அடுத்தடுத்த ஆல்கஹால் ஜாடிகளில் முக்கி ஈரத்தை அகற்ற வேண்டும். இவ்வளவும் ரோஸக்காவின் பொறுப்பு. கையுறைகள் சதை வெட்டும் அறைக்கே போதாமல் இருந்ததால், இவர் வெறுங்கையோடு வேலை செய்தார். அந்த மேசையை வேறு யாரையும் தொட விடமாட்டார். வீட்டில் தம் பேச்சு எடுபடாது என்றும், இங்கேதான் தாம் சொன்னபடி எல்லாம் நடக்கிறது என்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவருடைய கணவரின் தம்பியும் எங்களோடு அட்டெண்டராக இருந்தான். ஆய்வகத்தை நடத்திய டாக்டரம்மாவிடம் மாதக்கணக்கில் கெஞ்சி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் ரோஸக்காதான். சட்டைக் கழுத்தில் கைக்குட்டை மடித்து வைத்து, நாற்காலியைத் துடைத்துவிட்டே உட்காருவான் என்பதால் எல்லாரும் அவனைத் துரை என்றழைத்தோம்.

சாப்பாட்டு வேளையில் துரை தனியே ஜன்னலோரம் போய்விடுவான்.

"ஏன் துரை, அண்ணிகூட உக்காந்து சாப்பிடக் கூடாதா?" என்று கூட்டிப் பெருக்கும் அம்மாள் ஒருநாள் வாயைக் கிளறினாள்.

"அந்தக் கையப் பாத்துட்டு சோறு இறங்குமா? வீட்லயும் அம்மா போட்டாத்தான் சாப்பிடுவேன். பொணத்தத் தொடுற கை."

"பொணம் இல்ல துரை, உசுரோட இருக்கிறவங்களோடதுதான்," என்றார் ரோஸக்கா, தம் டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமல். "உனக்கும் ஒருநாள் வெட்டி எடுத்தா நல்லாவே கலர் போட்டுத் தரேன்."

எல்லாரும் சிரித்தோம். அவன் முகத்தைச் சுளித்தபடி டப்பாவை மூடினான்.

அந்த மழைக்காலத்தில் சில்லுகள் வெளிறத் தொடங்கின. ரோஸ் நிறம் நிற்கவில்லை. கழுவிய எச்சில் போல ஒரு மங்கல் மட்டும் இருந்தது. ஆல்கஹாலுக்குப் பின் கடைசியாக முக்கும், தண்ணீரோடு சேராத சைலீன் திரவத்தின் ஜாடி பால் போலக் கலங்கியது. ஒரு பெண்ணின் இரைப்பையிலிருந்து எடுத்த பொடித் துண்டைப் படிக்க முடியாமல் டாக்டரம்மா மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பினார்.

"மெழுகுக் கட்டையில இன்னும் கொஞ்சூண்டுதான் சதை மிச்சம் இருக்கு. இதுவும் வீணாச்சுன்னா அந்தம்மா தொண்டைக்குள்ள மறுபடி குழாய் விடணும். இந்த வாரம் சரியாகலேன்னா நீ கண்ணாடி கழுவுற இடத்துக்குப் போயிடு."

ரோஸக்கா சாயத்தைத்தான் சந்தேகித்தார். சாயம் போடுகிறவருக்கு முதலில் அதுதானே தோன்றும்! பழைய இயோசினைக் கொட்டினார். புதியதை இரு மடங்கு அடர்த்தியாகக் கரைத்தார். சில்லுகளை அதில் நெடுநேரம் ஊறவைத்தார். நிறம் அப்போதும் நிற்கவில்லை. சில்லிலிருந்து இறங்கிய அத்தனை ரோஸும் அடுத்திருந்த ஆல்கஹால் ஜாடிகளில் போய்த் தங்கியது.

மறுநாள் காலை துரை வேலைக்கு வந்தபோது அவனுடைய உதடுகள் பளீரென்று ரோஸ் நிறத்தில் இருந்தன.

"அடடா, ராசாவுக்கு உதட்டுச் சாயமா? எங்கடா பொண்ணு பாக்கப் போற?" என்றாள் பெருக்கும் அம்மாள்.

"சர்பத்து குடிச்சேன், ஒட்டிக்கிச்சு," என்று அவன் கைக்குட்டையால் தேய்த்தான். உதடு வீங்கியதுதான் மிச்சம்.

ரோஸக்கா அவன் வாயைப் பார்த்தார். பிறகு தம் விரல்களைப் பார்த்தார். அவனைச் சாய மேசைக்கு இழுத்துப் போனார். என் மேசை அதற்கு எதிரில்தான்.

"ஜாடியிலேர்ந்து எடுத்தியா?"

"எத அண்ணி?"

"வாயத் தொற. நாக்க நீட்டு."

நாக்கும் ரோஸாக இருந்தது.

"புது ஸ்பிரிட் பாட்டில டாக்டரம்மா பூட்டி வெச்சிருக்காங்க," என்று அவன் முனகினான். "இது சும்மா கெடக்குதேன்னு... சாயங்காலத்துல கொஞ்சம் எடுத்துப்பேன். எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தி வெச்சிடுவேன். நல்ல ஸ்பிரிட்டுதானே அண்ணி, பஞ்சு வெச்சு வடிகட்டித்தான் குடிக்கிறேன்."

தண்ணீர் கலந்த ஆல்கஹால் இயோசினைச் சில்லிலிருந்து உருவிவிடும். அந்தத் தண்ணீரே சைலீனையும் கலக்கியிருந்தது. ரோஸக்கா ஜாடியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடியில், சில்லிலிருந்து கழன்ற ஒரு மெல்லிய ஏடு, கொதித்த பாலின் ஆடைபோல் சுருண்டு நீந்தியது.

"இது என்ன தெரியுமா? முந்தாநாள் வந்த குடல். அதுக்கு முன்னாடி ஒரு கட்டி, சீழோட வந்துச்சு. எல்லாம் இதுலதான் முங்கி எழுந்துச்சு. என் கையப் பாத்தா சோறு இறங்காதுன்ன இல்ல?"

துரை கழுவுதொட்டியை நோக்கி ஓடினான். அவன் கக்கியதும் ரோஸ் நிறமாகவே இருந்தது. அந்த நாற்றம் ஃபார்மலினையும் மீறி அறையை நிறைத்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் குழாயைத் திறந்துவிட்டு, "நீயே கழுவு. பஞ்சு வெச்சுத் துடை," என்றார்.

ஜாடிகளுக்குப் புது ஆல்கஹால் கேட்டு அவர் டாக்டரம்மாவிடம் போனார். மிச்சமிருந்த துளிச் சதையில் இரைப்பைச் சில்லு அன்று மாலையே அழகாக ரோஸ் பிடித்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு நேரே வந்தார்.

"ஸ்பிரிட்ல தண்ணி சேந்திருக்கு. எப்படிச் சேந்துச்சு?"

துரை மூலையில் வாளியோடு நின்றான். கைக்குட்டை வாயை மறைத்திருந்தது.

"என் கவனக்குறைவுதான் டாக்டர்," என்றார் ரோஸக்கா.

துரை வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். மறுவாரம் முதல் ரோஸக்கா கண்ணாடி கழுவும் அறையில் நின்றார். அந்த மேசை அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? நான் போய்ச் சொல்றேன்," என்றேன்.

"வாய மூடிட்டு இருங்க தம்பி. வேலை போனா அவன் எங்க உக்காந்து தின்பான்? என் வீட்லதான். அந்த மூஞ்சிய நாள் முழுக்கப் பாக்கறதுக்கு, ஜாடி கழுவலாம்."

ஆண்டுகள் கழித்து, அவர் ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். விரல்களில் ரோஸின் தடயமே இல்லை. சலவைச் சோடாவில் ஊறி ஊறி அவை வெளிறிச் சுருங்கியிருந்தன. துரையும் கூடத்தில் இருந்தான். இப்போது ஆய்வகத்தின் ஸ்டோருக்கு அவன்தான் பொறுப்பாளன். ஆல்கஹால் அலமாரியின் சாவி அவன் இடுப்பில் தொங்கியது. ரோஸக்கா இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அங்க வெச்சிடுங்க அண்ணி. அம்மா வந்து எடுத்துத் தரட்டும்," என்று அவன் முகத்தைத் திருப்பினான்.

ஜாடியில் கொடுத்தால் குடிப்பாயா என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. ரோஸக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். என் தம்ளரை நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அவன் தொடாத தம்ளரை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். டாக்டரம்மாவிடம் அவன் சொல்லியிருக்க வேண்டிய ‘நான்தான்’ என்ற அந்த ஒரு வார்த்தையை, ரோஸக்கா அவனிடம் கடைசிவரை கேட்கவே இல்லை.