ஓடைக்கு மேல் கட்டிய வீடு

அடுக்களையின் சிவப்புச் சிமென்ட் தரையில் மதினி ஒருக்களித்துப் படுத்து, ஒரு காதைத் தரையோடு ஒட்டிவைத்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கல்லூரி விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த நான் பதறிப்போய்ப் பாலை இறக்கிவைத்தேன். அவள் எழுந்திருக்கவே இல்லை. "வாட்டி, இங்கன வந்து கேளு. கீழ தண்ணி போகுது" என்றாள். நானும் குனிந்து காதை வைத்தேன். எனக்குத் தண்ணீர் போவதாகத் தெரியவில்லை. முழங்காலளவு தண்ணீரில் யாரோ நிதானமாக நடப்பதாகத்தான் கேட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு என் கன்னத்துக்கு நேர் கீழே வந்து மறுபடியும் கேட்டது. அன்று முழுக்க அந்த அடுக்களைக்குள் நான் போகவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை ஒட்டிய வயல்களைத் தூர்த்து மனை போட்டிருந்தார்கள். நடுவில் மலையிலிருந்து இறங்கி வரும் ஓடை ஒன்று இருந்தது. அதை மூடக் கூடாது, அதன் அகலத்துக்கு இடம் விட்டு மழைத்தண்ணீர் போக வழி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்திருந்தார்கள். மனை போட்டவர் வரைபடத்தில் ஓடையை விட்டார், தரையில் விடவில்லை. ஓர் ஆள் ஊர்ந்து போகிற அளவுக்குச் சிமென்ட் குழாய் பதித்து, மேலே செம்மண் கொட்டி, அதையும் மனையாக்கி விற்றுவிட்டார். அண்ணன் வாங்கியது கடைசி மனை. ஈசான மூலை தாழ்ந்த இடம் அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. கணக்கு வாத்தியார்தான். ஆனாலும் தண்ணீருக்கும் தாழ்ந்த இடம்தான் பிடிக்கும் என்பது அவன் மண்டையில் ஏறவில்லை. யாராவது ஓடையைப் பற்றிக் கேட்டால், "அதான் குழா பதிச்சிருக்காகள்லா" என்பான்.

சாரல் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு வினோதம் உண்டு. தெருவில் வெயில் அடிக்கும், மேற்கே மலை மழையில் இருட்டிக்கிடக்கும். அப்படிப்பட்ட நாட்களில்தான் தரைக்கடியில் நடமாட்டம் கேட்கும். அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் அடங்கிவிடும். "வெயிலு இந்தப் போடு போடுது, தண்ணி எங்கன இருந்துட்டி வரும்?" என்று மதினியிடம் எரிந்து விழுவான். புது வீட்டில் குடியேறுமுன் கெட்டதை விரட்டத் தச்சு கழிப்பார்களே, அந்தச் சடங்கை அவசர அவசரமாக முடித்ததால்தான் இவளை ஏதோ பிடித்துக்கொண்டது என்று முடிவு கட்டினான். மதினி தண்ணீர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பேய் என்று சொன்னதெல்லாம் மற்றவர்கள்.

கடையம் பக்கத்திலிருந்து மந்திரிக்கிறவரை வரவழைத்தார்கள். அவர் மதினியின் கையில் தாயத்துக் கட்டினார், மூலை மூலையாகத் திருநீறு போட்டார். புறவாசலில் புதருக்குள், தண்ணீர் வெளியேறுகிற குழாய் வாயில் காதை வைத்தவர் முகம் மாறிப்போய் எழுந்தார். "இது வழியாத்தான் வந்து போகுது. அடைச்சிருங்க." அன்று அங்கே சொட்டுத் தண்ணீர் இல்லை. "அடைக்காதிய, அது ஓடைல்லா" என்று மதினி அழுதாள். பிடித்திருப்பதுதான் அவளை அப்படிப் பேசவைக்கிறது என்றார்கள். சாயங்காலத்துக்குள் கல்லும் சிமென்ட்டும் வைத்துப் பூசியாகிவிட்டது.

சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் முகத்தில் களை வந்தது. மதினிக்குத்தான் நிலைகொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில், மலை கறுத்துப்போய் இருக்கிற இடமே தெரியவில்லை. அடுக்களைத் தரை வியர்த்திருந்தது. நடந்தால் காலடி பதிந்தது. வீட்டில் அவ்வளவு அமைதி. மதினி தூங்கிக்கொண்டிருந்த அண்ணனை உலுக்கினாள். "உள்ள தண்ணி நெறைஞ்சு நிக்கி. எந்திரிங்க, வெளிய வாங்க." அவன் கண்ணைத் திறக்காமலே, "தாயத்தத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் படு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவள் தன் கைப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு தெருவிலிருந்த கிணற்றடிக்கு வந்தாள். ஒரு நிமிடம் வீட்டையே பார்த்தாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "ஏங்க, பிள்ள கெணத்துல விழுந்துட்டான்!" என்று அலறினாள்.

அண்ணன் வேட்டி நழுவ ஓடி வந்தான். பிள்ளை அவள் இடுப்பில் விரல் சூப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவனுக்குப் பின்னால் அடுக்களைச் சுவர் மெல்ல உட்கார்ந்தது. தரை வாயைப் பிளந்தது. அவன் படுத்திருந்த பாயும் தலையணையும் செந்தண்ணீரில் சுற்றிச் சுற்றி வாசல் வழியே வெளியே வந்தன.

பிறகு அதிகாரிகள் வந்து குழாயைத் தோண்டி எடுத்து, ஓடையைத் திறந்துவிட்டார்கள். அண்ணன் வீடு இருந்த இடத்தில் இன்றும் ஓடைதான் ஓடுகிறது. அந்தப் பேச்சு வந்தால் மதினி சிரிப்பாள். "உண்மயச் சொன்னேன், தாயத்து கெட்டுனாக. ஒரு பொய் சொன்னேன், உடனே நம்பி ஓடியாந்தாக."

அண்ணனுக்கு இப்போது வயதாகிவிட்டது. மதினி உள்ளேயிருந்து "ஏங்க" என்று கூப்பிட்டால், காப்பி குடிக்கத்தான் என்றாலும், முதலில் எழுந்து தெருவுக்குப் போய் நின்றுகொள்கிறான். அதன் பிறகுதான் என்ன என்று கேட்கிறான்.