மலையாளத்து அவசரம்

கல்யாணமாகிப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் வந்தவள் நான். மலையாளம் பேசச் சொன்னால் சமாளித்துவிடுவேன். படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். கூட்டி முடித்ததுமே அர்த்தமும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துச் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் வாங்க பேங்க் கடன் கிடைத்தால் தொழில் நிலைக்கும். கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திருப்பூர் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிடலாம் என்று வீட்டுக்காரர் முடிவே செய்துவிட்டார். மகளுக்கு டி.சி. கேட்டாயிற்று. பாத்திரங்களையும் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார். எனக்குப் போகத் துளியும் மனசில்லை.

பஞ்சாயத்தில் தொழில் கடன்களைப் பார்க்கும் மேடம், நான் எழுதிப்போன திட்டத்தைப் படித்து முகம் சுளித்தார். தரமான பொருள், அன்பான சேவை, அனைவருக்கும் விற்பனை. எல்லாம் போனில் ஏதோ வீடியோ பார்த்து எழுதியதுதான்.

"எல்லாருக்கும்னு எழுதினா ஆருக்குன்னு பேங்குக்கு மனசிலாகாது சேச்சி" என்றார். நான்கு தலைப்புகள் மலையாளத்தில் அச்சடித்த தாளைக் கொடுத்து, கீழே தமிழிலேயே எழுதிவரச் சொன்னார்.

மாவு விற்பதற்குப் பரீட்சையா என்று எரிச்சலோடு திரும்பினேன். முதல் இரண்டு தலைப்புகளுக்கு ஏதோ ஒப்பேற்றினேன். மூன்றாவது, 'அவசரங்கள்'. என் அவசரத்தைக் கேட்க ஒருத்தருக்காவது தோன்றியதே! கண் கலங்கிவிட்டது. கொட்டித் தீர்த்தேன். காலையில் கொடுக்கும் மாவு வெயிலேறினால் புளித்துவிடுகிறது. சாயங்காலம் லாரிகள் வரிசைகட்டும்போது கடைக்காரர்கள் மறுபடி கேட்கிறார்கள். என்னிடம் இருப்பதில்லை. ஃப்ரிட்ஜ் இருந்தால் அந்த வேளைக்கும் கொடுப்பேன். கடன் சீக்கிரம் வராவிட்டால் ஊரைவிட்டே போகவேண்டும்.

நான்காவது 'பீஷணி'. பக்கத்து வீட்டில் கேட்டேன். மிரட்டல் என்றார்கள். 'இதுவரை யாரும் மிரட்டவில்லை' என்று எழுதினேன்.

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். "அய்யோ சேச்சி, மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு!"

எனக்கு மானமே போயிற்று. தாளைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அவர் விடவில்லை. மறுபடி நிதானமாகப் படித்தார்.

"சாயங்காலம் வாங்க ஆளுண்டு, கொடுக்க ஃப்ரிட்ஜ் இல்ல. இது வாய்ப்பேதான். பேங்குக்கு வேண்டியது இதாக்கும்." ஊரைவிட்டுப் போகும் வரியை மட்டும் அடித்தார். 'பீஷணி' என்று கேட்டது தொழிலுக்கு வரக்கூடிய ஆபத்தையாம்; மிரட்டலுக்குப் பதிலாக 'கரண்ட் கட்' என்று எழுதவைத்தார். அந்தத் தாளை வைத்தே திட்டம் முழுவதையும் மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

கடன் பாஸானதாக பேங்கிலிருந்து போன் வந்தபோது வீட்டுக்காரர் கடைசிச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அவசரம் கெடச்சிருச்சுங்க!"

"என்ன அவசரம் புள்ள? டி.சி. வாங்கோணும், அதான் இப்ப அவசரம்."

"இது மலையாளத்து அவசரமுங்க. கடன் பாஸாயிருச்சு. சாக்கை அவுருங்க."

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் 'அப்பாடா' என்று அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே இட்லிச் சட்டி நசுங்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு மட்டும் போகோணும்னு ஆசையா புள்ள?" என்றார்.