கூரைக்குள் ஒளித்த மீன் வாசம்

எங்கள் படுக்கையறைச் சீலிங்கில் தண்ணீர்க் கறையைக் கண்டதும் என் தம்பியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவன் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜன்ற். சொந்த அக்காவின் வீடும் அவன் கண்ணுக்கு விற்பனைக்குப் போடும் ஒரு லிஸ்ரிங்தான்.

"அக்கா, உது கூரை உக்கிப்போச்சு. உந்தப் பழசோட ஏன் மாரடிக்கிறியள்? இப்பவே வித்துப்போட்டு ஸ்ரௌவ்வில் பக்கம் புதுசா ஒண்டு எடுங்கோ."

என் கணவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். தம்பி சொன்னதைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்குச் சுட்டது. கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் இந்தச் சின்ன வீட்டை வாங்குவதற்கு நாங்கள் இரண்டு பேரும் இரவு பகல் பாராமல் உழைத்திருக்கிறோம். எனக்குக் கார் ஓடத் தெரியாது. இங்கே கடைக்கு நடப்பேன், பஸ்ஸில் ஏறுவேன், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கடைகளெல்லாம் தூரத்தில் இருக்கும் ஸ்ரௌவ்வில்லில் போய் இருந்தால் ஒரு பிடி கறிவேப்பிலைக்கும் இவர் சாவியைத் தேடி எடுக்கும்வரை நான் வாசலில் நிற்க வேண்டும். அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம்.

"முதல்ல மேல என்ன நடக்குதெண்டு பாப்பம். பிறகு விக்கிற கதையைக் கதைக்கலாம்," என்றேன்.

"ஆர் உந்த முழங்காலோட ஏறுறது?" என்று கேட்டார் கணவர்.

"என்ர முழங்கால்தானே. நான் ஏறுறன்."

நல்ல குளிர் நாள். அலுமாரிக்கு மேலே இருந்த சதுர மூடியைத் தள்ளி, சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் இருக்கும் அற்றிக்குக்குள் தலையை நீட்டி ரோர்ச்சை அடித்தேன். கூரைப் பலகையால் துருத்திக்கொண்டிருந்த ஆணி ஒவ்வொன்றின் முனையிலும் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. பலகைகள் கறுத்துப்போயிருந்தன. அந்தக் குளிருக்குள்ளும் முகத்தில் வந்து அடித்தது பொரித்த மீன் வாசம்.

வாசத்தின் வழியே வெளிச்சத்தைத் திருப்பினேன். குசினியில் அடுப்புக்கு மேல் இருக்கும் ஃபானிலிருந்து மேலே வரும் வெள்ளிக் குழாய் கூரைக்கு வெளியே போகவில்லை. குளிருக்காகப் பரப்பியிருந்த பஞ்சுக்கு மேல் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது.

இறங்கி வந்து, "இஞ்சாருங்கோ, உது என்ன வேலை?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் உண்மையைச் சொன்னார்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வேலியோரம் வந்து, எங்கள் சமையல் மணம் தங்கள் வீட்டுக்குள் வருகிறது என்று முறைப்பட்டார். அப்போது ஃபானின் வாய் அவர்களுடைய பக்கம் பார்த்த எங்கள் சுவரில் இருந்தது. இவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு அந்தச் சுவர் ஓட்டையை அடைத்து, குழாயைக் கூரைக்கு மேலால் விட்டுவிட்டேன் என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன். கூரையில் ஓட்டை போடப் பயந்து பாதியில் விட்டது எனக்கு எப்படித் தெரியும்? அது போதாதென்று, ஓரங்களால் குளிர் வருகிறது என்று கூரை வந்து சுவரைத் தொடும் இடுக்குகளிலெல்லாம் பழைய போர்வைகளையும் என் சேலைகளையும் அடைத்து வைத்திருந்தார். அதில் ஒரு பச்சைச் சேலையை மச்சாள்தான் எடுத்தாள் என்று நான் வருடக்கணக்காகச் சந்தேகப்பட்டிருந்தேன்.

அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். குளிர் ஜாக்கெற்றுகளை மணம் ஏறாமல் பூட்டி வைத்துவிட்டு வெங்காயம் தாளித்தோம். கராஜுக்குள் நின்று மீன் பொரித்தோம். யாரும் கதவைத் தட்டினால் ஊதுபத்தியோடு ஓடினோம். நினைக்க எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. வாடகை வீட்டில் ஒளித்தது போதாதென்று சொந்த வீட்டிலும் ஒளித்தோம். முறைப்பட்ட மனிதர் வீட்டை விற்றுப் போய் எத்தனையோ காலம். நாங்கள் மட்டும் அவருக்குப் பயந்துகொண்டே இருந்தோம்.

விஷயம் இதுதான். புட்டு, இடியப்பம், சோறு என்று தினமும் அவித்த ஆவி முழுக்க மேலே போய் உறைந்தது. கொஞ்சம் வெயில் எறித்ததும் உருகிச் சொட்டியது. கூரை ஒழுகவே இல்லை. எங்கள் சமையல்தான் ஒழுகியது.

பனி போனதும் வேலையைத் தொடங்கினோம். கூரை சுவரைத் தாண்டி நீண்டு நிற்கும் ஓரத்தின் அடிப்பக்கத்தைச் சொபிற் என்பார்கள். எங்கள் சொபிற் பழைய பலகை, அதற்கு மேல் துளையில்லாத தகரம். காற்று நுழைய வழியே இல்லை. அதை வெட்டித் திறக்கச் சொன்னேன்.

"காசைக் கொட்டி வீட்டைச் சூடாக்கிறம். நீ குளிரை உள்ள விடச் சொல்லுறாய்," என்றார் கணவர்.

"வீடு சூடா இருக்கட்டும். அற்றிக் குளிராத்தான் இருக்கவேணும். கீழால காற்றுப் போய் மேலால ஈரத்தை இழுத்துக்கொண்டு போகட்டும். நீங்கள் வெட்டுங்கோ."

உக்கிய இரண்டொரு பலகையைக் கூரைக்காரர் மாற்றிவிட்டுப் போனார்கள். மிச்சம் எங்கள் கையால். நான் மேலே தவழ்ந்து சேலைகளை இழுத்தெடுத்து, பஞ்சை ஓரத்திலிருந்து ஒதுக்கி, காற்றுப் போக வழிவிடும் தட்டைகளைக் கூரை மரங்களுக்கு இடையில் அடித்தேன். அவர் வெளியே ஏணியில் நின்று பலகையை வெட்டினார். முதல் துண்டு விழுந்ததும் வெளிச்சமும் காற்றும் சேர்ந்து என் முகத்தில் அடித்தன. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா ஆத்திரமா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்.

வெட்டிய இடங்களை மூடத் துளை போட்ட தகரம் அடித்த பிறகு குழாயின் முறை. பின்வளவுப் பக்கம் கொண்டுபோகலாம், அங்கே ஒருவருக்கும் மணக்காது என்றார்.

"முன்னம் இருந்த பக்கச் சுவராலதான் போகவேணும்," என்று ஒற்றைக் காலில் நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார்.

தம்பி விடுகிறவனா? சனிக்கிழமை வீடு தேடும் ஒரு சோடியைக் கூட்டி வருகிறேன், சும்மா பார்க்கத்தான் என்று போன் எடுத்தான். "அண்டைக்கு மட்டும் ஒண்டும் பொரிச்சுப்போடாதேங்கோ, அக்கா."

நான் கடைக்கு நடந்து போய் நல்ல அறக்குளா மீன் வாங்கி வந்தேன்.

அவர்கள் காரை நிறுத்தி இறங்கியது சரியாக அந்தச் சுவருக்கு நேரே. மிளகாய்த்தூள் பிரட்டிய துண்டுகள் சட்டியில் பொரிந்துகொண்டிருந்தன. தம்பி அவர்களை வெளியே விட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடி வந்தான்.

"அத்தான், உந்த ஃபானை நிப்பாட்டுங்கோ! றோட்டு முழுக்க மணக்குது!"

கணவர் எழுந்து அடுப்படிக்கு வந்தார். அவருடைய கை ஃபானின் சுவிச்சை நோக்கிப் போனது. இனி இது அவர் முடிவு.

அவர் அதைக் கூட்டி முழு வேகத்தில் வைத்தார்.

"றோட்டுக்குப் போகத்தான் ஓட்டை வெட்டினது, தம்பி. வீடு விக்கிறதுக்கில்லை. அதுகளை வெளியில நிக்க விடாமல் சாப்பிடக் கூப்பிடு."

நான் அடுத்த துண்டை எண்ணெயில் போட்டேன்.