அம்மாவின் கூடையில் அத்தையின் கை

என் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம்தான் எங்கள் அத்தை ஒரு தேயிலைக் கொழுந்துத் திருடி என்பதை நான் கண்டுபிடித்தேன். கையும் களவுமாகப் பிடித்தேன். அந்தப் பெருமையிலேயே ரொம்ப நாள் திரிந்தேன்.

தம்பிக்கு ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். மணிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். பதுளை ஆஸ்பத்திரியில் ஆட்டிசம் என்றார்கள். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு சாமியின் பெயரைச் சொல்லி, அதன் கோபம் என்றார்கள். அம்மா எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, அவனுக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாள்.

"இந்தப் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்னுதான் கொறைச்சல்!" என்றாள் பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தை. பீலியில் தண்ணீர் பிடிப்பதிலிருந்து கோழி மேய்வதுவரை அம்மாவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

பள்ளிக்கூட அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் மறுத்தால் சண்டைகூடப் போட முடியாது.

"குறை நினைக்காதேங்கோ அம்மா. இவர் ஓடித் திரிஞ்சா மற்றப் பிள்ளையளைப் பாக்க ஏலாது. பதுளையில இப்பிடியான பிள்ளையளுக்கு வேற இடம் இருக்கு."

அப்புத்தளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து தினமும் பதுளைக்குப் போய் வருவதென்றால் பிள்ளை பஸ்ஸிலேயே வளர வேண்டியதுதான். அம்மா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு செடி வரிசை, நிரை என்பார்கள், உண்டு. அம்மா அந்த நியாயத்தை எடுத்துப் போட்டாள்.

"நெரையில ஒருத்தி பிந்திட்டா, பக்கத்து நெரைக்காரி எட்டி எடுத்துக் குடுத்து ஏத்தி விடுவா சேர். பிந்திட்டான்னு மலையவிட்டுத் தொரத்துறது இல்லீங்க. இவனுக்குப் பக்கத்து நெரையில ஆளில்லேன்னா, நான் வந்து ஒக்காந்துக்கிறேன்."

அதிபர் தம்பியைப் பார்த்தார். பிறகு, இந்த மூன்று மாதத் தவணை முடியும்வரை பார்ப்போம் என்றார்.

மலையில் வேலை வாங்கும் கங்காணி அவ்வளவு லேசில் மசியவில்லை. பத்து மணிக்குள் நிரையில் நிற்க வேண்டும், அந்தி நிறுவையில் கொழுந்து குறைந்தால் மறுநாள் பள்ளிக்கூடப் பேச்சே கிடையாது என்றுவிட்டார். ஆக, தம்பியின் படிப்பு அம்மாவின் கூடையில் வந்து நின்றது.

விடிந்ததும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அம்மா பள்ளிக்கூடம் வருவாள். முதலாம் வகுப்பின் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருப்பாள். ஐந்தாம் வகுப்பிலிருந்த எனக்கு மானம் போகும். மணி அடிக்கப்போகிறது என்று தெரிந்தால் தம்பியின் காதுகளைத் தன் உள்ளங்கையால் மூடுவாள். நாளாக ஆக அந்தக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். எந்தப் படிப்பும் இல்லாமல் இந்த வித்தையை எங்கே பிடித்தாளோ, இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மலைப்புத்தான்.

பத்து மணிக்குள் மூச்சிரைக்க மலை ஏறிவிடுவாள். ஆனாலும் அந்தி நிறுவையில் கொழுந்து ஒருநாளும் குறைந்ததில்லை. எங்கம்மா கை மிசின் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

தவணை முடியும் தறுவாயில் ஒருநாள், ஆசிரியர் கூட்டம் என்று சீக்கிரமே விட்டுவிட்டார்கள். தம்பியை இழுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அம்மா குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால், பக்கத்து நிரையில் எடுக்கும் அத்தை. அவளுடைய கை அம்மாவின் முதுகுக் கூடைக்குள் முழங்கைவரை இருந்தது.

"அம்மா! அத்தை ஒங்க கொழுந்தத் திருடுறாங்க!"

 பெண்கள் என்னைப் பார்க்கவில்லை, மேல் பாதையில் நின்ற கங்காணியைப் பார்த்தார்கள். கங்காணி அத்தையைப் பார்த்தார். அம்மாவின் படங்கைப் பிடித்தபடி வெள்ளைச் சட்டையில் நின்ற தம்பியைப் பார்த்தார். "பனி எறங்குது, பாத்து எடுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். அட, இவருக்கும் அத்தையின் வாய்க்குப் பயமா என்று எனக்கு வெறுத்துப்போனது.

"ஆமாடி, நான் திருடிதான். வாயப் பாரு, அப்பிடியே ஒங்கப்பன் வாயி!" என்று அத்தை சிரித்தாள். மற்றவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா இன்றைக்கு அவள் குடுமியைப் பிடித்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அம்மாவோ அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த தவணை தம்பி அம்மா இல்லாமலே வகுப்பில் உட்கார்ந்தான். மணி அடித்தபோது தன் காதைத் தானே மூடிக்கொண்டான், ஓடவில்லை. அத்தையை மட்டும் நான் மன்னிக்கவில்லை. அன்றைக்கு அவள் கை கூடையிலிருந்து வெறுங்கையாகத்தான் வெளியே வந்தது. மாட்டிக்கொண்ட பயத்தில் போட்டுவிட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். இத்தனை திருடியும் அவளுடைய கூடை ஏன் பாதிகூட நிறையவில்லை என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவே இல்லை.