பூட்ஸைப் பழக்கிய மார்கழி

என் அத்தைக்குப் பெரிய பாதம். எங்கள் வீட்டில் இது யாரும் மறைக்காத, யாரும் பெரிதாக வருத்தப்படாத தகவல். தேக்கா கடைத்தெருவில் செருப்பு வாங்கப் போனால் பெண்கள் வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேராக ஆண்கள் பக்கம் போய், இருப்பதிலேயே அடக்கமான நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அத்தை அப்பாவின் தங்கை. பிடோக் வட்டாரத்தில், அடுக்குமாடி புளோக் ஒன்றின் பன்னிரண்டாவது மாடியில் எங்களோடுதான் இருந்தார். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. முப்பதைத் தாண்டியிருந்தார். அவ்வப்போது அப்பா ஒரு மாப்பிள்ளையின் புகைப்படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். அத்தை அதை மரியாதையாக எடுத்துப் பார்த்து, மரியாதையாகத் திரும்ப வைத்துவிடுவார். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு டிசம்பரில், புகைப்படம் எதுவும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, தாம் அலுவலக நண்பர்களோடு நேபாளத்துக்குப் போகப் போவதாகவும், மூட்டையைத் தாமே சுமந்துகொண்டு மலையில் பல நாள் நடக்கப் போவதாகவும் அறிவித்தார்.

“நேபாளத்துல நமக்கு யாரும்மா இருக்கா?” என்றார் அப்பா.

“யாரும் இல்லண்ணே. அதான் போறேன்.”

பூட்ஸ் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எதையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுச் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. அத்தைக்கும் அதே வியாதி. டோபி காட் பக்கத்தில் ஒரு பழைய கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்தது அந்தக் கடை. உள்ளே போனதும் கடைக்காரரான சீனத் தாத்தா துணியில் செய்த இலேசான ஜோடி ஒன்றை எடுத்து வைத்தார். விலை குறைவு, வாங்கிய அன்றே வலிக்காமல் நடக்கலாம் என்றார்.

“எத்தன வருஷம் வரும்?” என்று அத்தை கேட்டார்.

“மூணு, நாலு.”

அத்தை அலமாரியின் மேல்தட்டில் இருந்த பழுப்புநிறத் தோல் பூட்ஸைக் காட்டினார். “அது?”

“கவனிச்சுக்கிட்டா ரொம்ப காலம். ஆனா மொதல்ல உங்கள அழவைக்கும்.” இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். என் நினைவில் மட்டும் எப்படியோ அது தமிழில் பதிந்திருக்கிறது.

அத்தை பார்த்தவை எனக்கு இன்றும் வரிசையாக நினைவிருக்கின்றன. முதலில், மேல்பாகம் ஒரே துண்டுத் தோலாக இருக்க வேண்டும். தையல் அதிகமானால் தண்ணீர் அந்த வழியாகத்தான் நுழையும், பிரிவதும் அங்கேதான். அடுத்து, அடிப்பாகம் வெறுமனே ஒட்டாமல் தைத்திருக்க வேண்டும். தேய்ந்தால் கழற்றி வேறு போடலாம். முதுகில் சுமை இருக்கும் என்பதால் கணுக்காலை மூட வேண்டும். தடித்த காலுறை போட்ட பிறகும் விரல்களுக்கு இடம் வேண்டும் என்பதால் ஓர் அளவு பெரிதாக எடுத்தார். கால் நன்றாக வீங்கியிருக்கும் நேரம் என்று மாலையில் கடைக்குப் போனதும் திட்டமிட்டதுதான். கடைசியாக, கடையில் ஒரு சரிவுப் பலகை இருந்தது. அதில் ஏறி, கீழ்நோக்கி நின்று, கட்டைவிரல் முன்னால் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அத்தை அதில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். கடைக்காரர் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

கிளம்பும்போது கடைக்காரர், “உடனே மலைக்குப் போட்டுப் போயிடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா, வாரக் கணக்குல போட்டு நடங்க. தோல் காலைப் படிச்சுக்கும்” என்றார்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட அம்மா சிரித்தார். “வந்த மாப்பிள்ளைங்கள்ல ஒருத்தரையாவது இவ்வளவு கேள்வி கேட்டிருக்கியா நீ?”

“அவங்கள பலகையில ஏத்தி இறக்கிப் பாக்க விடமாட்டாங்களே அண்ணி.”

அப்போதுதான் அப்பா நாட்காட்டியோடு வந்தார். மறுநாள் விரதம் ஆரம்பம் என்றார்.

அத்தையின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. தைப்பூசத்துக்கு அவர் ஆண்டுதோறும் பால்குடம் எடுப்பார். அதற்கு ஒரு மண்டலம் முன்பே எங்கள் வீட்டில் விரதம் தொடங்கிவிடும். அந்த நாட்களில் கறி, மீன் கிடையாது என்பதோடு, தோல் பொருளையும் தொடுவதில்லை. எல்லா வீடுகளிலும் இப்படியா என்று தெரியாது. எங்கள் வீட்டில் அப்படி. அப்பாவின் கால்சட்டை அந்த ஒரு மண்டலமும் துணி பெல்ட்டை நம்பித்தான் இடுப்பில் நிற்கும். விடுப்பு, விமானம், குளிர், மருந்து என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்த அத்தை முருகனை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்திருந்தார். தைப்பூசம் முடிந்த மறுவாரமே பயணம். அதற்கு முன் புக்கிட் தீமா குன்றில் ஒரு பயிற்சி நடை. பழகாத பூட்ஸோடு வருகிறவரை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று குழுத்தலைவர் சொல்லியிருந்தார்.

“முருகனே வேண்டாங்கறார் பாரு” என்றார் அப்பா. குரலில் வருத்தம் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

“இந்த வருஷம் பால்குடத்த விட்டுடேன்” என்றார் அம்மா.

“அது எப்படி அண்ணி?”

அத்தை பூட்ஸ் பெட்டியைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டு வந்தார். அன்றிரவு தோசை இரண்டோடு எழுந்துவிட்டார்.

பிரச்சினை எனக்கு மிகவும் எளிதாகத் தெரிந்தது. பூட்ஸை யாராவது போட்டு நடக்க வேண்டும். அந்த யாராவது விரதம் இல்லாதவராகவும் அத்தையின் கால் அளவு உள்ளவராகவும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பள்ளி அளவுகோலை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, அங்கிருந்த காலணிகள் அத்தனையையும் அளந்தேன். உள்ளே ஓடிவந்து கத்தினேன்: “மாமா சிலிப்பரும் அத்தை செருப்பும் ஒரே சைஸ்!”

மாமா அம்மாவின் தம்பி. அம்மா வீட்டார் கத்தோலிக்கர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மாமா நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. எங்கள் விரதம் அவரைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எங்கள் சமையலறை கட்டுப்படுத்தும். “தைப்பூசம் வரைக்கும் கோழியே கிடையாதாக்கா? நான் செஞ்ச பாவம் என்ன லா?” என்று அன்று காலையிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தவர், நான் கத்தியதும் அப்பளத்தைப் பாதியில் நிறுத்தினார். நான் திட்டத்தை விளக்கினேன்.

“அவ்வளவுதானே? நான் நடந்து பழக்கித் தரேன்” என்றார்.

“உனக்கு ஏன்டா இந்த வேலை?” என்றார் அம்மா.

“எந்நேரமும் லிஃப்ட்லயே போய்வந்து தொப்பை விழுந்துடுச்சுக்கா.”

அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “உங்களுக்குச் சிரமமா இருக்காதா?”

“ஷூ போடறதுல என்னங்க சிரமம்?”

மெல்லிய காலுறை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினார். நாடாவைக் கட்ட அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. எழுந்து, காலை ஒருமுறை தட்டிப் பார்த்தார். கம்பிக்கதவுக்கு உள்ளே நின்று, “எப்படி இருக்கு?” என்றார் அத்தை.

“எனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு.”

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் மாமா எங்கள் புளோக்குக்கு வந்துவிடுவார். மலையில் சுமை இருக்குமே என்று, வீட்டு அரிசி மூட்டையை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்குவார். அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து, “டேய், உலை கொதிக்குது, அரிசியோட எங்கடா போன?” என்று கத்துவார். பிரச்சினை அதோடு நிற்கவில்லை. மின்தூக்கி ஆள் படியேறுவதைப் பார்த்தால் மக்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி, “லிஃப்ட் ரோசாக்கா?” என்று பதறிக்கொண்டு வந்தார். லிஃப்ட் கெட்டுப்போகவில்லை என்று மாமா சத்தியம் செய்யாத குறை. இன்னொரு நாள், சந்தைப் பையோடு வந்த சீன மூதாட்டி மாமாவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டுத் தாமும் படியேறத் தொடங்கிவிட்டார். மாமா அவரைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து, லிஃப்ட் ஓடுகிறது என்று நிரூபிக்க, அவரோடு மேலே வரைக்கும் போய்வந்தார்.

ஏறி முடித்ததும் அறிக்கை. கம்பிக்கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் மாமா, உள்ளே தரையில் அத்தை, நடுவில் அளவுகோலோடு நான். மாமா எனக்கு சூப்பர்வைசர் என்று பதவி கொடுத்திருந்தார்.

“கணுக்கால் பக்கம் இளகிடுச்சா?”

“இளகிடுச்சுங்க.”

“கட்டைவிரல்?”

“அது… இளகிக்கிட்டிருக்கு.”

அவர் காலுறையைக் கழற்றியபோது விரல்களில் பிளாஸ்திரி தெரிந்தது. அத்தை அப்போது தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தார். “கடிக்குதா மாமா?” என்றேன். “புதுசுல எல்லாந்தான் கடிக்கும் சூப்பர்வைசர். மேலிடத்துக்கு ரிப்போர்ட் பண்ணாதீங்க” என்று சட்டென்று சிலிப்பருக்குள் காலை நுழைத்துக்கொண்டார். கடைக்காரரும் அழவைக்கும் என்றுதானே சொன்னார்? வேலை சரியாக நடப்பதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாளாக நாளாக அறிக்கைகள் நீண்டன, அவற்றில் பூட்ஸ் பற்றிய தகவல் குறைந்தது. எனக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது.

“அந்த உச்சிக்குப் போய் என்ன செய்வீங்க?” என்று ஒருநாள் மாமா கேட்டார்.

“நிப்பேன்.”

“அப்புறம்?”

“இறங்கிடுவேன்.”

“அங்க லிஃப்ட் கெட்டுப்போனா சொல்லியனுப்புங்க, வரேன்.”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளிருந்து அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைக் கோயிலிலிருந்து தேங்க் ரோடு கோயில்வரை மஞ்சள் சேலையில் பால்குடத்தோடு அத்தை வெறுங்காலில் நடந்தார். அப்பா முன்னால். நானும் அம்மாவும் பின்னால். தண்ணீர் போத்தல்களைச் சுமந்துகொண்டு மாமாவும் வந்தார். அவரும் செருப்பைக் கழற்றியிருந்தார். “உனக்கென்னடா வேண்டுதல்?” என்று அம்மா கேட்டதற்கு, “எல்லாரும் வெறுங்காலோட நடக்கும்போது நான் மட்டும் செருப்போட வந்தா நல்லாவா இருக்கும்?” என்றார்.

பால் செலுத்திவிட்டு வெளியே வந்து, டோபி காட் பக்கம் ஒரு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தோம். மாமா போத்தலிலிருந்து தண்ணீரை ஊற்ற, அத்தை கால்களைக் கழுவினார். பிறகு போத்தலை வாங்கி மாமாவின் காலில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. மாமாவின் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்திருந்தன. அத்தை மெல்லத் தம் பாதத்தை அவர் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“யார் காலு அதிக அழுக்குன்னு பாக்கறீங்களா?” என்றேன்.

“ஆமா” என்றார் அத்தை. மாமா காலை இழுத்துக்கொண்டார்.

“ஏன் சொல்லல?”

“சொன்னா பூட்ஸ வாங்கி வெச்சிருப்பீங்க.”

அத்தை மீதித் தண்ணீரையும் அவர் காலிலேயே ஊற்றினார்.

இப்போது நான் அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கருவியை எடுக்கும் முன் எதை அளக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அளந்தது மாமாவின் சிலிப்பரை. மாமாவோ, கடையில் கூடையின் மேலாக எது கிடக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு வருகிறவர். குதிகால் எப்போதும் சிலிப்பருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அது அவர் நடக்கும் பாணி என்று நினைத்திருந்தேன். அத்தையின் பூட்ஸ் அவருக்குப் போதவே போதாது. அது அடிப்பாகம் இரண்டு முறை மாற்றப்பட்டு இன்னும் உழைக்கிறது. அவர்கள் வீட்டு வாசலில், அதைவிடப் பெரிய இன்னொரு ஜோடியின் பக்கத்தில் இருக்கிறது. அவர்களை நான் அன்று கூப்பிட்ட மாதிரியே அத்தை, மாமா என்றுதான் இன்றும் கூப்பிடுகிறேன். முறையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் பழகக் கொஞ்ச காலம் ஆனது.

தைப்பூசம் முடிந்து இரண்டு நாளில் புக்கிட் தீமா. மாமாவுக்கு அன்று வேலை. நான் அத்தையோடு போனேன். குன்றின் மேலிருந்து இறங்கும் இடத்தில் குழுத்தலைவர் எல்லோரையும் வேகமாக இறங்கச் சொன்னார். விரல் இடிப்பது இறங்கும்போதுதான் தெரியும். அத்தை மூட்டையோடு கடகடவென்று இறங்கிப்போனார். கீழே குழுத்தலைவர் குனிந்து பூட்ஸின் முனையை அழுத்திப் பார்த்தார். குதிகாலைப் பார்த்தார். “நல்லாப் பழக்கியிருக்கீங்க. நீங்க வரலாம்” என்றார்.

அத்தை பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். குனிந்து, பூட்ஸின் முனையைத் தாமும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

“வலிக்குதா அத்தை?”

“இல்லடி. எடம் இருக்கு. நெறைய எடம் இருக்கு.”

நான் நம்பவில்லை. இடம் இருந்தால் ஏன் அழ வேண்டும்? பையைத் திறந்து, முன்னேற்பாடாகக் கொண்டுவந்திருந்த பிளாஸ்திரியை எடுத்து அத்தையிடம் நீட்டினேன்.